ஹொப்ஸையும் லொக்கையும் விறாந்தையில் வைத்துக் கதைக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் நான் விளங்கிக்கொண்டபடி திருப்பிச் சொல்கிறேன். நீங்கள் கணக்கியல் படித்தவர், யாழ்ப்பாணத்தில் வேலை. நண்பர்கள் ஆறு பேர் ஞாயிறு பின்னேரங்களில் கூடி பிளேட்டோ, ஹொப்ஸ், ரூசோ என்று பழைய அரசியல் தத்துவக்காரரை வாசிக்கத் தொடங்கினீர்கள். இரண்டு கிழமை ஓடியது. மூன்றாம் கிழமை அது தேர்தல் கதையாகி, நான்காம் கிழமை யாரும் வரவில்லை. அரசியல் தத்துவத்தை இப்படி இருந்து கதைத்துப் படிக்க முடியுமா, அல்லது பல்கலைக்கழகத்தில் போய் இருந்தால்தான் சரிவருமா என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு உள்ளே இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: நண்பர்களோடு கதைக்கும்போது விஷயம் இலகுவாகிறதா, மலிவாகிறதா? அந்தப் பயத்துக்குத்தான் இந்தப் பதில்.

நான் உயர்தர வகுப்புகளுக்கு அரசறிவியல் படிப்பித்தவன், 26 வருடம். ஓய்வு பெற்ற பிறகு கோண்டாவிலில் ஒரு நண்பர் வீட்டு விறாந்தையில் ஒன்பது வருடமாக ஒரு வாசிப்புக் கூட்டம் நடத்துகிறோம். எனக்குக் கிரேக்கமோ லத்தீனோ தெரியாது, எல்லாம் ஆங்கில வழியில் வந்த அறிவு. நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடியும் என்பதுதான் என் பதில். இந்தப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரு வாக்குவாதத்தின் ஒரு பாதி. மற்றப் பாதியைச் சொன்னவன் செத்துப்போனான், அல்லது அவன் எழுதியதை இன்று யாரும் வாசிப்பதில்லை. தொலைபேசியில் ஒருவர் கதைப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்பதுபோல நாம் அரைவாசியை மட்டும் கேட்டுவிட்டு, இந்த மனுசன் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று யோசிக்கிறோம். இரண்டு பக்கத்தில் நித்திரை வருவது அதனால்தான். உங்களுக்கு மூளை காணாது என்று நினைக்க வேண்டாம். மறுமுனையில் இருந்தவர் யார், என்ன சொன்னார் என்று கண்டுபிடித்து அவருக்காக ஒருவர் கதைக்கத் தொடங்கினால் புத்தகம் விழித்துக்கொள்ளும். அந்த வேலைக்கு ஆறு பேர் நல்ல தொகை.

கதைப்பது என்று சொல்லும்போது ஒன்று. எங்கள் ஊரில் 'அம்மா பேசினா' என்றால் அம்மா ஏசினா என்று பொருள். கதைப்பது வேறு. மதகில் இருந்து அரசியல் 'பேசும்' கூட்டத்தையும் அரசியல் கதைக்கும் கூட்டத்தையும் பிரிக்க எங்கள் தமிழிலேயே சொல் இருக்கிறது. உங்கள் மூன்றாம் கிழமையில் நடந்தது முதலாவது வகை என்று ஊகிக்கிறேன்.

பிளேட்டோவின் 'குடியரசு' தொடங்குவதே ஒரு வீட்டில்தான். சோக்கிரட்டீஸ் ஏதென்சின் துறைமுகத்துக்குத் திருவிழாப் பார்க்கப் போய்த் திரும்பும்போது, பொலிமார்க்கஸ் என்ற இளைஞன் மறித்து வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். அங்கே அவனுடைய வயதான தகப்பன் கெபலஸ் இருக்கிறார். ஊருக்குப் புறத்தியிலிருந்து வந்து கேடயத் தொழிற்சாலை வைத்துப் பணக்காரரானவர்; குடியுரிமை இல்லாதவர். முதுமை எப்படி இருக்கிறது என்று தொடங்கிய கதை, நீதி என்றால் என்ன என்பதில் போய் நிற்கிறது. உண்மை சொல்வது, வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது என்கிறார் கிழவர். சரி, ஒரு நண்பன் நல்ல நிலையில் இருந்தபோது ஆயுதத்தை உங்களிடம் கொடுத்து வைத்தான், இப்போது புத்தி பேதலித்து வந்து கேட்கிறான், கொடுப்பீர்களா? இது சோக்கிரட்டீசின் கேள்வி. யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்தில் இதை வாசித்தால், ஆயுதத்தைக் கொடுத்து வைத்தல் என்ற சொல்லுக்கே அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். எங்களுக்கு ஆகியது.

ஆனால் அதைவிட முக்கியமானது பிளேட்டோ அந்த இடத்தில் சொல்லாமல் விட்டது. கி.மு. 404 இல் முப்பது பேர் ஏதென்சின் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். அவர்கள் இந்தக் குடும்பத்தின் தொழிற்சாலையைக் கொள்ளையடித்தார்கள். பொலிமார்க்கஸைப் பிடித்துக்கொண்டுபோய் விசாரணை இல்லாமல் நஞ்சு குடிக்க வைத்தார்கள். அவனுடைய தம்பி லிசியாஸ் தப்பி ஓடி, பிறகு வந்து அந்தக் கொலைக்காக வழக்குரைத்த பேச்சு இன்றும் இருக்கிறது. முப்பது பேரில் பிளேட்டோவின் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். 'குடியரசு' எழுதப்பட்டது இதற்கெல்லாம் பல வருடம் கழித்து. ஆகவே அந்த நாளில் அதைக் கையில் எடுத்த ஏதென்ஸ்காரனுக்கு, நீதி என்றால் நண்பனுக்கு உதவி எதிரிக்குத் தீங்கு என்று உற்சாகமாக வாதிடும் இந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது என்று தெரியும். இதைச் சொல்லிவிட்டு அதே பக்கங்களை இரண்டாம் முறை வாசித்தோம். அன்று யாரும் தேத்தண்ணி கேட்கவில்லை.

இவ்வளவும் ஏதோ முதல் நாளிலிருந்தே நன்றாக நடந்தது என்று நினைக்காதீர்கள். முதல் வருடம் முழுக்க நான் பிழை விட்டேன். படிப்பித்த பழக்கம் விடுமா? இலட்சியவாதம், பயன்பாட்டுவாதம், தாராளவாதம் என்று பட்டியல் போட்டு ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றாக விளக்கினேன். பன்னிரண்டு பேர் நான்கு பேரானார்கள். மிஞ்சிய நால்வரில் ஒருவர் அந்த வீட்டுக்காரர், அவருக்குப் போக இடமில்லை.

மாற்றியது ஒரு சீட்டு. ஹொப்ஸ் நடந்துகொண்டிருந்தது. 'வாளில்லாத ஒப்பந்தங்கள் வெறும் சொற்கள்' என்ற அவருடைய வரியை வாசித்தேன். வீட்டுக்காரரின் தங்கை, எங்களுக்கெல்லாம் அக்கா, அதுவரை உள்ளுக்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர், வாசலுக்கு வந்து, "அப்ப என்ரை சீட்டு எப்பிடி ஓடுது?" என்றார். இருபது பேர், மாதாமாதம் காசு, எழுத்து இல்லை, பொலிஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை. முதல் மாதமே சீட்டை எடுத்தவருக்கு மிச்சம் பத்தொன்பது மாதமும் கட்டவேண்டும் என்று என்ன கட்டாயம்? ஆனாலும் கட்டுகிறார்கள். ஹொப்ஸ் பிழை என்றார் ஒருவர். இல்லை, ஒழுங்கைக்குள் முகம் காட்ட முடியாது என்ற பயம்தான் அங்கே வாள் என்றார் இன்னொருவர். அப்போது அக்காவே தன் பக்கத்துக்கு எதிராக ஒன்றைச் சொன்னார். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது அவருடைய சீட்டு உடைந்துவிட்டது. எடுத்தவர்கள் ஒருபக்கம், எடுக்காதவர்கள் ஒருபக்கம். ஒழுங்கையே இல்லை, பிறகு என்ன முகம்? ஆக ஹொப்ஸ் சரியா? கொஞ்சம் பொறுத்து அக்கா சொன்னார்: இரண்டு பேர் பல வருடம் கழித்துத் தேடி வந்து மிச்சக் காசைத் தந்தார்கள், ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பினார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அடுத்த கிழமை ஹொப்ஸின் புத்தகமான லெவியதனின் 15 ஆம் அத்தியாயத்தைக் கொண்டு போனேன். அங்கே ஹொப்ஸ் ஒரு மூடனை நிறுத்தி, வாக்கை மீறினால் லாபம் என்றால் மீறுவதுதானே புத்தி என்று கேட்க விடுகிறார். பிறகு தானே மறுக்கிறார்: ஒருமுறை வாக்கு மீறியவனை, தெரிந்துகொண்டு, எந்தக் கூட்டமும் தன்னோடு சேர்க்காது, சேர்த்தால் அது அவர்கள் விட்ட பிழை, அந்தப் பிழையை நம்பி ஒருவன் பிழைக்க முடியாது. அக்காவின் சீட்டை ஹொப்ஸ் யோசித்திருக்கிறார்! ஆனால் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பியவரை இந்தக் கணக்கில் அடக்க முடியுமா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை ஒற்றுமை இல்லை. 26 வருடம் ஹொப்ஸைப் படிப்பித்தும் அந்த அத்தியாயத்தை நான் பரீட்சைக்கு வராத பகுதி என்று தாண்டித்தான் போயிருக்கிறேன். கதை மலிவாகிவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கு என்னிடம் உள்ள நல்ல பதில் இது. எங்களை அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோனது அந்த வாசல் கேள்வி.

அதோடு ஹொப்ஸ் எழுதிய சூழலும் எங்கள் சனத்துக்குச் சுலபமாகப் புரிகிறது. 1640 இல் இங்கிலாந்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் முற்றிக்கொண்டு வந்தபோது பாரிசுக்கு ஓடிப்போனவர். உள்நாட்டுப் போர், 1649 ஜனவரியில் அரசன் சார்ள்ஸின் தலை வெட்டப்பட்டது, 1651 இல் புத்தகம். இடம்பெயர்ந்திருந்த ஒருவர் எழுதியது. அரசியல் கதைக்க முன் படலைப் பக்கம் ஒருக்கால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பழகியவர்கள் நாங்கள். பயம்தான் அரசுக்கு அத்திவாரம் என்று ஒருவர் சொன்னால் எங்களுக்கு அகராதி தேவையில்லை.

ஆனால் இப்படிச் சுலபமாகப் புரிவதில் ஒரு பொறியும் இருக்கிறது. ஹொப்ஸுக்குப் பிறகு ஜோன் லொக் வாசித்தோம். எல்லோருக்கும் மேலே ஒரு ஆளை வைத்து, அவனை மட்டும் எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தாது என்று விடுவது எப்படிப்பட்டது தெரியுமா, மரநாயும் நரியும் செய்யும் கெடுதலுக்குத் தப்ப வழி தேடிவிட்டு, சிங்கம் தின்றால் அது பாதுகாப்பு என்று நினைப்பது போன்றது என்கிறார். அரசாங்கம் பற்றி அவர் எழுதிய இரண்டாம் ஆய்வுரையில் 93 ஆம் பிரிவு. சிங்கம் என்றதும் எங்கள் விறாந்தையில் எழுந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. கொடியில் சிங்கம் உள்ள நாட்டில் தமிழர்கள் இதை வாசித்தால் வேறென்ன நடக்கும்? ஆனால் அந்தச் சிரிப்பு எங்களுடையது, லொக்கினுடையது இல்லை. அவர் கண்முன் இருந்தது கட்டற்ற அதிகாரம் கேட்ட ஆங்கில அரசர்கள். மறுமுனையில் இருந்தவர் றொபேட் ஃபில்மர்: அரசன் என்பவன் தகப்பன், அந்த அதிகாரம் ஆதாமிலிருந்து இறங்கி வருகிறது என்று எழுதியவர். அவர் இறந்து 27 வருடம் கழித்து, 1680 இல், அந்தப் புத்தகத்தை அரச பக்கத்தார் அச்சிட்டார்கள். அதைத் தெரியாமல் லொக்கை வாசித்தால், தகப்பனுக்கும் அரசனுக்கும் உள்ள வித்தியாசத்தை இவர் ஏன் பக்கம் பக்கமாக விளக்குகிறார் என்று விளங்காது.

அதன் பிறகு ஒரு ஒழுங்கு வைத்தோம். முதல் முக்கால் மணித்தியாலம் இன்றைய அரசியல்வாதி எவருடைய பெயரும் வரக்கூடாது. அந்த நேரத்துக்குள், எழுதியவர் வந்து கேட்டால் 'ஓம், அதைத்தான் சொன்னனான்' என்று தலையாட்டும்படி அவருடைய வாதத்தை ஒருவர் சொல்லவேண்டும். இன்னொருவர் மறுமுனை ஆளாக இருந்து வெட்டவேண்டும். யார் யாருக்காகக் கதைப்பது என்பதைச் சொந்தக் கருத்துக்கு எதிராகக் கொடுப்பது நல்லது. எங்கள் கூட்டத்தின் தீவிர இடதுசாரிக்கு ஃபில்மரைக் கொடுத்தோம், மனுசன் வெளுத்துக்கட்டினார். முக்கால் மணிக்குப் பிறகு சிங்கமும் வரலாம், எங்கள் ஆட்களும் வரலாம். பத்துப் பக்கத்துக்கு மேல் ஒருநாளும் எடுக்காதீர்கள், சத்தமாக வாசியுங்கள்.

இந்த இரண்டாம் பாதிக்கு யாழ்ப்பாணத்தில் சரக்குக்குப் பஞ்சமில்லை. ரூசோ 1755 இல் எழுதிய சமத்துவமின்மை பற்றிய உரையில் ஓரிடம்: ஒரு துண்டு நிலத்தை அடைத்து 'இது என்னுடையது' என்று சொல்லி, அதை நம்பும் அப்பாவிகளையும் கண்டுபிடித்த முதல் ஆள்தான் சமூகத்தை நிறுவியவன், அன்றே யாராவது அந்தக் கதியாலைப் பிடுங்கி எறிந்திருந்தால் எத்தனை கொலைகள், எத்தனை போர்கள் இல்லாமல் போயிருக்கும் என்கிறார். கதியால், அதாவது வேலிக்கு நடும் தடி, என்பது என் மொழிபெயர்ப்பு. வருடத்துக்கு நாலு விரற்கடை அரக்கி அரக்கிப் பக்கத்துக் காணிக்குள் போன வேலிகளையும், அதற்காக மூன்று தலைமுறை கதைக்காமல் இருக்கும் குடும்பங்களையும் கண்ட ஊருக்கு வேறெந்தச் சொல் பொருந்தும்?

உழைப்பிலிருந்து சொத்து வருகிறது என்ற லொக்கின் வாதத்துக்கு நாங்கள் தேசவழமையைப் பக்கத்தில் வைத்தோம். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் தொகுப்பித்த எங்கள் வழக்கச் சட்டம். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரிக்கிறது. முதல் இரண்டும் வந்து சேர்ந்தது, மூன்றாவது கலியாணத்துக்குப் பிறகு தேடியது. தேடியவர் யார்? குசினியில் பட்ட பாடும் தேட்டத்தில் சேருமா? அந்தக் கேள்வியோடு லொக்கிடம் திரும்பிப் போனால், 28 ஆம் பிரிவில் 'என் வேலையாள் வெட்டிய புற்கரணை' என் சொத்தாகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். வேலையாளின் உழைப்பு எப்படி எசமானின் உழைப்பானது? அந்த ஒரு சொற்றொடரில் எங்கள் இரண்டு ஞாயிறு போனது.

சொற்களில் கவனமாக இருங்கள். நாங்கள் இறைமை என்கிறோம், தமிழ்நாட்டார் இறையாண்மை என்கிறார்கள். இறை என்ற சொல் தமிழில் கடவுளையும் அரசனையும் வரியையும் குறிக்கும். அந்த வாசனையோடுதான் ஹொப்ஸின் இறைமை எங்கள் காதில் விழுகிறது, அவர் அதை மனிதர் கூடிச் செய்த செயற்கைப் பொருள் என்று எவ்வளவு சொன்னாலும். பிளேட்டோவின் நீதி என்பதற்கு அறம் என்று போட்டால் பாதி வாதம் தெளிகிறது, மற்றப் பாதி குழம்புகிறது. ஒரே சொல்லில் நிற்காமல் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதே எங்கள் வழக்கம்.

உங்கள் கூட்டத்திலும் 'எங்கடை ஆக்கள் அப்பவே சொல்லிப்போட்டினம்' என்று ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை விரட்டாதீர்கள், வேலை கொடுங்கள். நெல்லும் உயிரன்று நீரும் உயிரன்று, மன்னனே உலகத்துக்கு உயிர் என்கிறது புறநானூறு. கம்பன் அதைத் திருப்பிப்போட்டு, தயரதனை உயிர்களெல்லாம் 'உறைவதோர் உடம்பும் ஆயினன்' என்கிறான். லெவியதனின் முகப்புப் படத்தில் அரசனின் உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன மனிதர்களால் ஆனது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது பெரிய சந்தோசம். ஆனால் கம்பனின் உயிர்கள் கூடி ஒப்பந்தம் செய்து அந்த உடம்பை உண்டாக்கவில்லை. ஹொப்ஸின் மனிதர்கள் செய்தார்கள். ஒப்பிட்டு முடித்த பிறகு இதையும் அவரையே சொல்ல வையுங்கள். இதற்கு மாறாக, 'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு' என்ற குறளையும், நீதி போய்விட்டால் அரசுகள் பெருங்கொள்ளைக் கூட்டம்தானே என்ற கிறிஸ்தவ ஞானி அகஸ்தீனையும் பக்கத்தில் வைத்தால் ஒற்றுமை நீண்ட தூரம் தாங்குகிறது.

எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் கூட்டத்தில் ஒருவர் குறித்து வைப்பது நல்லது. நூல்கள் வந்த ஆண்டுகள், யார் எந்த நாட்டுக்கு ஓடினார், எது தடைசெய்யப்பட்டது என்பவை பெரும்பாலும் உறுதியானவை. பிளேட்டோவின் சோக்கிரட்டீஸ் சொல்வதில் எவ்வளவு உண்மையான சோக்கிரட்டீஸ் சொன்னது என்பது உறுதியில்லை. லொக்கின் நூல், இங்கிலாந்தில் அரசனை அகற்றிய 1688 புரட்சியை நியாயப்படுத்த எழுதப்பட்டது என்று நான் பல வருடம் படிப்பித்தேன். பெரும்பகுதி அதற்குச் சில வருடம் முன்பே எழுதப்பட்டது என்பதை 1960 இல் வந்த ஒரு பதிப்பு காட்டிவிட்டது என்று எனக்குப் பிந்தித்தான் தெரியும். என்னிடம் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால் திருத்திக்கொள்ளுங்கள். 'இளவரசன்' எழுதிய இத்தாலியர் மக்கியவெல்லி கொடுங்கோலருக்குப் பாடம் சொன்னாரா, அல்லது ரூசோ நினைத்தது போல மக்களுக்கு அந்தக் கொடுங்கோலரின் குட்டை உடைத்தாரா என்பது முடியாத சண்டை.

கதையால் ஆகாததும் இருக்கிறது. ஜெர்மன் தத்துவக்காரர் கான்டையும் ஹேகலையும் நாங்கள் இரண்டு முறை தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டோம். அவை தனியே இருந்து பென்சிலோடு வாசிக்கவேண்டியவை, வழிகாட்ட ஒருவர் இருந்தால் நல்லது. அங்கே பல்கலைக்கழகம்தான் சரி. இன்னொரு குறை கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது. நண்பர்கள் என்றால் எங்கள் ஊரில் பெரும்பாலும் ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். 1960களின் கடைசியில் தேநீர்க் கடைக்குள் இருந்து குடிக்கவும் கோயிலுக்குள் போகவும் இங்கே ஒடுக்கப்பட்ட சாதியார் போராட வேண்டியிருந்தது, 1968 இல் மாவிட்டபுரம் கோயிலில் நடந்ததுபோல. அதைப் பட்டவர்கள் எவரும் இல்லாத விறாந்தையில் நாங்கள் ஐந்து வருடம் சமத்துவம் கதைத்திருக்கிறோம். படித்தவனுக்குக் கூடுதல் வாக்கு என்று ஆங்கிலத் தத்துவக்காரர் ஜோன் ஸ்டுவர்ட் மில் 1861 இல் எழுதியதையும், 1931 இல் இலங்கைக்கு வந்த சர்வசன வாக்குரிமையை எங்கள் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்ததையும் ஒருநாள் சேர்த்து வாசித்தபோதுதான், அந்த வாக்கால் முதன்முதல் ஆளாக எண்ணப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் கதிரைகளில் இல்லை என்பது உறைத்தது. இப்போது இரண்டு பேர் வருகிறார்கள். அவர்கள் வந்த பிறகு ரூசோவைத் திரும்ப முதலிலிருந்து வாசிக்கிறோம், வேறு புத்தகம் மாதிரி இருக்கிறது.

நீங்கள் 'குடியரசு' முதலாம் புத்தகத்தில் தொடங்குங்கள். பிளேட்டோவையும் ரூசோவின் சமுதாய ஒப்பந்தத்தையும் வெ. சாமிநாத சர்மா தமிழில் தந்திருக்கிறார். நடை கொஞ்சம் பழசு, ஆனால் சத்தமாக வாசித்தால் சரிவரும். முதல் நாள் கெபலஸ் கிழவர் சிரித்துக்கொண்டு, பூசைக்கு நேரமாகிறது, மிச்சத்தை மகனோடு கதையுங்கள் என்று எழுந்துபோகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஏன் போனார் என்று அடுத்த ஞாயிறு கேட்கலாம்.